தியோடர் ஹோவார்ட் சாமர்வெல்

தியோடர் ஹோவார்ட் சாமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – ஜனவரி 23, 1975) இங்கிலாந்தில் பிறந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற பிரித்தானியக் குழுக்களில் இடம்பெற்ற மலையேறுநர் என்ற முறையிலும் இவர் உலக அளவில் அறியப்படுகிறார். இவர் ஓவியரும் இசை ஆர்வலரும் ஆவார்.

தென் திருவிதாங்கூரில் பரவலாகக் காணப்பட்ட சிறுகுடற்புண், வாய்ப்புற்றுநோய் ஆகியவற்றின் சிகிச்சையில் சாமர்வெல்லும் அவருடைய சக மருத்துவர்களும் செய்த பணி மருத்துவ வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. குறைந்த பணமும் மிகக் குறைந்த மருத்துவர்களும் உள்ள இடத்தில் யாருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது, எந்தச் சிகிச்சைக்குச் செலவு செய்வது, நோய் வந்தபின் அறுப்பதா, வராமல் தடுப்பதா ஆகிய கேள்விகளை இவர் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டார். இவரது வாழ்க்கை இன்றும் கவனிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இளமையும் கல்வியும்

சாமர்வெல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லாந்துப் பகுதியிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் அவ்வூரில் காலணி உற்பத்தித் தொழிலை நடத்தி வந்த வசதியான குடும்பம் ஆகும். ரக்பி பள்ளியில் பயின்ற பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் கற்று முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார்.

கெண்டல், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பகுதியை அடுத்து அமைந்துள்ளது. இதனால் இளமையிலேயே இவருக்கு மலையேற்றத்தில் நாட்டம் ஏற்பட்டது. பதினெட்டாம் அகவையில் அப்பகுதியின் மலையேறுநர் கழகத்தில் உறுப்பினரானார். பின்னர் ஆல்ப்சு மலைகளிலும் ஏறிப் பயிற்சி பெற்றார்.

முதல் உலகப் போர்

1915 முதல் 1918 வரை சாமர்வெல் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் பிரான்சில் பணியாற்றினார். 1916 சூலை 1 ஆம் நாள் தொடங்கிய சொம் சண்டையின்போது இவர் காயம்பட்டோரை முதலில் கொண்டு சேர்க்கும் மருத்துவ முகாம் ஒன்றில் அறுவை மருத்துவராக இருந்தார். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படைக்கு ஏற்பட்ட இழப்பு 57,000 பேருக்கும் மேலாகும். அவர்களில் 19,000 பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முகாமை அமைத்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் வரக்கூடும் என்று எதிர்பார்த்து ஏற்பாடுகளைச் செய்திருந்தனர். வந்தவர்களோ அதைப்போல் பல மடங்கினர். காயம்பட்டோரை ஏற்றிய ஊர்திகள் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு வரிசையில் நின்றன. ஐந்தாறு ஏக்கர் பரப்புள்ள வயல் முழுவதும் தூக்குப்படுக்கைகள் கிடத்தப்பட்டன. அறுவைக் கூடத்தில் இருந்தவை நான்கு மேசைகள் மட்டுமே. மருத்துவர்கள் இடையிடையே வெளியே வந்து, குறுகிய நேர அறுவையால் உயிரையோ கை கால்களையோ காப்பாற்றக் கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்பினர். நீண்ட நேரம் தேவைப்பட்டவர்கள் வெளியிலேயே விடப்பட்டனர். ஒருவருக்குச் செலவிடும் நேரத்தில் பலரைக் காப்பாற்றலாம் என்பதே இத்தேர்வின் அடிப்படை.

தம் உயிர் போய்க்கொண்டிருந்த நிலையிலும், தம்மைவிட அருகில் கிடப்பவரை முதலில் பார்க்குமாறு சொன்ன படைவீரர்களைச் சாமர்வெல் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இந்த அனுபவம் அவரைப் போர் எதிர்ப்பாளராக மாற்றியது. பற்றாக்குறை நிலவும் இடத்தில் மருத்துவர் செய்யும் ஒவ்வொரு தேர்வும் ஓர் அறநெறித் தேர்வு என்பதை அவர் இங்கேயே முதன்முதலில் கண்டார்.

எவரெஸ்ட் பயணங்கள்

1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்குச் சாமர்வெல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு மே 21 அன்று சார்ச் மலோரி, எட்வர்டு நார்ட்டன் ஆகியோருடன் செயற்கை உயிர்வளியின் துணையின்றி ஏறத்தாழ 8,225 மீட்டர் உயரத்தை எட்டினார். அதுவரை மனிதர் எட்டிய மிகப்பெரிய உயரம் அதுவாகும்.

சூன் 7 அன்று மேற்கொள்ளப்பட்ட மூன்றாவது முயற்சியில் பனிச்சரிவு ஏற்பட்டு ஏழு சுமைதூக்குவோர் உயிரிழந்தனர். உடன் சென்ற ஆங்கிலேயர் அனைவரும் தப்பினர். இடரின் பயனை அடைபவர் ஒருவராகவும் அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவராகவும் இருந்தது சாமர்வெல்லை ஆழமாகப் பாதித்தது. தங்களுள் ஒருவரேனும் அவர்களோடு இறந்திருந்தால் இழப்பில் பங்குகொண்டதாக இருந்திருக்கும் என்று அவர் வருந்தியுள்ளார்.

1924 சூன் 4 அன்று நார்ட்டனுடன் மீண்டும் சிகரத்தை நோக்கி ஏறினார். கடுங்குளிரால் தொண்டை பாதிக்கப்பட்டதால் சாமர்வெல் இடையில் நின்றுவிட, நார்ட்டன் மட்டும் தனியே ஏறி ஏறத்தாழ 8,570 மீட்டர் உயரத்தை எட்டித் திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லின் தொண்டையில் அடைப்பு ஏற்பட்டு மூச்சு நின்றது. தம் மார்பைத் தாமே அழுத்தி இருமி, அடைத்திருந்த திசுவை வெளியேற்றி உயிர் தப்பினார். சில நாட்களுக்குப் பின் சிகரத்தை நோக்கிச் சென்று மறைந்த மலோரி எடுத்துச் சென்ற ஒளிப்படக் கருவி, சாமர்வெல் கொடுத்ததாகும்.

1922 ஆம் ஆண்டுக் குழுவினருக்கு 1924 இல் பிரான்சின் சமோனி நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்கான பதக்கம் வழங்கப்பட்டது. சாமர்வெல்லும் அதைப் பெற்றவர்களுள் ஒருவர்.

நெய்யூர் மருத்துவப் பணியின் பின்னணி

நெய்யூர், கல்குளம் வட்டத்தில் இரணியலுக்கு அருகில் அமைந்துள்ள ஊர் ஆகும். சாமர்வெல் வந்தபோது இது திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டம் உருவானது.

இலண்டன் மிஷனரி சங்கம் 1838 இல் மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே மூலம் இங்கு மருத்துவப் பணியைத் தொடங்கியது. இடையில் நின்றுபோன இப்பணியை 1850களின் தொடக்கத்தில் மருத்துவர் சார்லசு லீட்ச் மீண்டும் தொடங்கினார். அவர் 1854 இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். 1861 இல் வந்த மருத்துவர் சான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கும் வகுப்பைத் தொடங்கினார். வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்ற வரம்பை இந்த வகுப்பே உடைத்தது எனலாம். இவ்வகுப்பில் பயின்றவர்கள் பின்னர் கிளை மருத்துவமனைகளை நடத்தினர்.

திருவிதாங்கூர் அரசும் பொது நலவாழ்வில் முன்னோடியாக இருந்தது. அம்மை குத்தும் முறை இங்கு 1813 இல் அரசி கௌரி இலட்சுமிபாய் காலத்திலேயே அறிமுகமானது. நாகர்கோவில் வடசேரியில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை இயங்கி வந்தது. எனினும் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட சிற்றூர் மக்களுக்கு வாய்ப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன.

சமூக நிலையும் மருத்துவத்துக்குத் தடையாக இருந்தது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்கான உரிமையே 1859 வரை நீண்ட போராட்டத்துக்குப் பின்னர்தான் கிடைத்தது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12 அன்றுதான் வெளியானது. இத்தகைய சூழலில் எல்லாச் சாதியினரும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடத்தப்பட்ட மருத்துவமனை என்பதே ஒரு சமூக மாற்றமாக இருந்தது.

நெய்யூருக்கு வருகை

1922 ஆம் ஆண்டுப் பயணம் முடிந்த பின்னர், சாமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தெற்கே வந்தார். நெய்யூர் மருத்துவமனையில் அப்போது இருந்த ஒரே அறுவை மருத்துவர் ஸ்டீபன் பியூ ஆவார். நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருக்க, தனியொருவராக அவர் திணறிக்கொண்டிருந்தார். சில நாட்கள் தங்கி அறுவைச் சிகிச்சைகளில் உதவிய சாமர்வெல், இங்கேயே பணியாற்ற முடிவு செய்தார்.

இலண்டனில் தமக்குக் காத்திருந்த அறுவை மருத்துவர் வாழ்வை அவர் கைவிட்டார். இலண்டனில் ஓர் இடம் காலியானால் அதற்குத் தகுதியான பலர் உண்டு. நெய்யூரில் ஓர் இடம் காலியானால் அதனை நிரப்ப எவரும் இல்லை. ஒரே மருத்துவரின் உழைப்பு எந்த இடத்தில் கூடுதல் உயிர்களைக் காக்கும் என்ற கணக்கின்படி பார்த்தாலும் இம்முடிவு சரியானதே. சாமர்வெல்லைப் பொறுத்தவரை இது சமய நம்பிக்கையும் மனிதநேயமும் சார்ந்த முடிவாக இருந்தது. 1923 இல் அவர் நெய்யூரில் பணியில் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்கும் இங்கிருந்தே சென்று திரும்பினார்.

மருத்துவப் பணி

சிறுகுடற்புண் அறுவை

சாமர்வெல் காலத்தில் தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடலில் உண்டாகும் புண் மிகப் பரவலாக இருந்தது. நெடுநாள் வயிற்றுவலியோடு வருவோரில் பலருக்கு, புண் ஆறித் தழும்பாகி இரைப்பையின் வாயில் சுருங்கிப் போயிருக்கும். அவர்கள் உண்டதையெல்லாம் வாந்தியெடுத்து, மெலிந்து, உழைக்க இயலாத நிலையில் வருவார்கள்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் இந்நோய்க்கு முதலில் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் பரிந்துரைக்கப்பட்டன. நோயாளி பல வாரங்கள் படுக்கையில் ஓய்வாக இருந்து, அடிக்கடி பால் அருந்தி, அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளை உண்ண வேண்டும். பனையேறியோ வயல் தொழிலாளியோ இதைச் செய்ய இயலாது. பல மாதங்கள் பால் வாங்கும் செலவும் வேலையிழப்பும் அக்குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிடும். மலிவானதாகத் தோன்றும் மருந்துச் சிகிச்சை ஏழைக்கு விலை மிகுந்ததாகவும், பெரியதாகத் தோன்றும் அறுவைச் சிகிச்சை அவருக்கு விலை குறைந்ததாகவும் இருந்தது.

எனவே இரைப்பையை நடுச்சிறுகுடலோடு இணைத்து உணவுக்குப் புதுவழி அமைக்கும் அறுவையைச் சாமர்வெல் பெருமளவில் செய்தார். இதற்குச் சிக்கலான கருவிகள் தேவையில்லை. சில வாரங்களில் நோயாளி வேலைக்குத் திரும்ப இயன்றது. இத்தகைய அறுவைகளை அவர் ஆயிரக்கணக்கில் செய்தார். இதன் பட்டறிவை அவரும் அவருடைய சக மருத்துவர் இயான் ஆரும் 1936 இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். இரைப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் மற்றொரு முறை பற்றிய சாமர்வெல்லின் கட்டுரை 1945 இல் வெளியானது. இம்முறை பின்னாளில் பரவலாக நிலைக்கவில்லை.

எக்ஸ்-கதிரும் ரேடியமும்

சாமர்வெல் காலத்தில் நெய்யூரில் எக்ஸ்-கதிர்க் கருவி நிறுவப்பட்டது. பின்னர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ரேடியமும் வாங்கப்பட்டது. ரேடியம் அக்காலத்தில் உலகின் விலையுயர்ந்த பொருள்களுள் ஒன்று. சிற்றூர் மருத்துவமனை ஒன்று அதற்குச் செலவு செய்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் வாய்ப்புற்றுநோய் அப்பகுதியில் மிகுதியாக இருந்தது. ஒருமுறை வாங்கிய ரேடியத்தைப் பல ஆண்டுகளுக்கு எண்ணற்ற நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த இயலும் என்பதால், நோயாளி ஒருவருக்கான செலவு குறைந்தது.

தொழுநோய்

தொழுநோயாளிகள் அக்காலத்தில் குடும்பத்தாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டனர். நெய்யூர் மருத்துவப் பணி அவர்களுக்கு இல்லம் அமைத்துச் சிகிச்சை அளித்தது. கொளச்சலுக்கு அருகில் உடையார்விளையில் உள்ள தொழுநோய் மருத்துவமனையும் இப்பணியின் தொடர்ச்சியே. தொழுநோய்க்கு ஆற்றல் மிக்க மருந்துகள் 1940களில்தான் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன்னர் நீரடிமுத்து எண்ணெய் ஊசிகளே முதன்மை மருந்தாக இருந்தன. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உடற்சிதைவைத் தவிர்க்கலாம் என்பதைச் சாமர்வெல் வலியுறுத்தினார். குணமடைவோர் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் தொழுநோயாளிகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்காது. மிகவும் ஒடுக்கப்பட்டவருக்கு முதல் உரிமை என்ற நெறியே இங்கு முன்னின்றது.

பற்றாக்குறையில் முன்னுரிமை

நெய்யூர் மருத்துவப் பணி எதிர்கொண்ட பற்றாக்குறைகள் பல: மருத்துவர் குறைவு, படுக்கை குறைவு, பணக் குறைவு, நோயாளி வந்து சேரும் தொலைவு. இவற்றுக்கு விடையாகக் கையாளப்பட்ட ஏற்பாடுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

- கிளை மருத்துவமனைகள்: மார்த்தாண்டம் முதல் கொல்லத்துக்கு அருகிலுள்ள குண்டறை வரை பல இடங்களில் கிளைகள் இயங்கின. எளிய நோய்கள் அங்கேயே கவனிக்கப்பட்டன. அறுவை மருத்துவர் முறைவைத்து அங்குச் சென்று அறுவைகளைச் செய்தார். நோயாளிகள் பலர் நெடுந்தொலைவு நடப்பதற்குப் பதிலாக மருத்துவர் ஒருவர் பயணம் செய்தார்.
- உள்ளூர்ப் பணியாளர்: நெய்யூரில் பயிற்சி பெற்ற உள்ளூர் மருத்துவர்களும் செவிலியரும் பணியின் பெரும்பகுதியைச் சுமந்தனர்.
- கட்டணம்: வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்தினர். ஏழைகளுக்கு இலவசமாகவோ சிறு தொகைக்கோ சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவமனையின் வருவாயில் பெரும்பகுதி உள்ளூர் நோயாளிகளிடமிருந்தே கிடைத்தது.
- எளிய வசதிகள்: உறவினர் உடன் தங்கிச் சமைத்துக் கொடுத்து நோயாளியைக் கவனித்துக்கொண்டனர். இதனால் உணவுக்கும் பணியாளருக்கும் ஆகும் செலவு மருந்துக்கும் அறுவைக்கும் மிஞ்சியது.

இந்த ஏற்பாடுகள் குறைகள் அற்றவை அல்ல. உறவினர் உடன் வர இயலாதவருக்கும், கூலியை இழந்து வர முடியாதவருக்கும், தனியே பயணம் செய்ய இயலாத பெண்களுக்கும் இலவசச் சிகிச்சையும் எட்டாததாகவே இருந்தது. வந்து சேர்ந்தவர்களுக்குள் நேர்மையாகப் பங்கிடுவது ஒன்று. வர இயலாதவர்களையும் கணக்கில் கொள்வது மற்றொன்று. கிளை மருத்துவமனைகள் இரண்டாவது குறையை ஓரளவே தீர்த்தன.

நோய்க் காரணமும் தடுப்பும்

ஒரே வகை நோய் ஒரே பகுதியில் இவ்வளவு மிகுதியாக வருவது ஏன் என்ற கேள்வி நெய்யூர் மருத்துவர்களை இயல்பாகவே தடுப்பு பற்றிச் சிந்திக்க வைத்தது.

சிறுகுடற்புண்ணுக்கு அவர்கள் உணவைக் காரணமாகக் கருதினர். மரச்சீனி என்று இவ்வட்டாரத்தில் வழங்கும் மரவள்ளிக்கிழங்கு, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் திருவிதாங்கூரில் பரவலாக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் உயிர் காக்கும் உணவாக அது விளங்கியது. ஆயினும் அதில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. ஏழைகள் மரச்சீனியையும் காரமான குழம்பையும் மட்டுமே உண்டு வாழ்ந்ததால் குடலின் தாங்குதிறன் குறைந்து புண் உண்டாகிறது என்பது சாமர்வெல், ஆர் ஆகியோரின் கருத்தாக இருந்தது. 1942 இல் பர்மாவிலிருந்து அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் மரச்சீனிச் சார்பு மேலும் கூடியது.

வாய்ப்புற்றுநோயைப் பொறுத்தவரை இயான் ஆர் 1933 இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரிடம் காணப்பட்ட வாய்ப்புற்றுநோயை ஆராய்ந்து, வெற்றிலையோடு சேர்த்து மெல்லப்படும் புகையிலையின் பங்கை அது சுட்டிக்காட்டியது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உலக அளவில் பரவலாக ஏற்கப்பட்டது 1950களுக்குப் பின்னரே ஆகும். நெய்யூரின் இந்த ஆய்வு அதற்கு முன்னோடிகளுள் ஒன்று.

ஆனால் காரணம் தெரிவது வேறு, தடுப்பது வேறு. நோயுற்று வாயிலில் நிற்பவருக்கு முகமும் பெயரும் உண்டு. தடுப்பால் நோய் வராமல் போகும் மனிதர் யார் என்று எவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அறுவை மேசைக்கு முன் வரிசை நீண்டுகொண்டிருக்கும் மருத்துவமனையில் தடுப்புப் பணி எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும். நெய்யூரிலும் மருத்துவர்களின் நேரத்தில் பெரும்பங்கு அறுவைக்கே சென்றது. தவிர, சத்துள்ள உணவை உண்ணுமாறு அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது. மரச்சீனியை மட்டுமே வாங்க இயன்றவருக்கு அது நோயாளியின் பிழை அன்று. கூலியும் நிலமும் சார்ந்த சிக்கல். மருத்துவமனையால் அதைத் தனியே தீர்க்க இயலவில்லை.

வேலூர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940களின் இறுதியில் சாமர்வெல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு 1961 வரை பணியாற்றினார். நெய்யூரில் தாம் செய்த அறுவைகளைத் தாமே தொடர்ந்து செய்வதைவிட, அவற்றைச் செய்யவல்ல இந்திய மருத்துவர்களை உருவாக்குவது நீண்டகாலப் பயன் தரும் பணியாக இருந்தது. அவரிடம் பயின்றவர்கள் பின்னர் பல பகுதிகளில் பணியாற்றினர்.

எழுத்து, ஓவியம், இசை

சாமர்வெல் எழுதிய எவரெஸ்டுக்குப் பின் என்று பொருள்படும் தன்வரலாற்று நூல் 1936 இல் வெளியானது. நெய்யூர் மருத்துவப் பணி பற்றி இந்தியாவில் கத்தியும் வாழ்வும் என்று பொருள்படும் நூலையும், இரைப்பை மற்றும் முன்சிறுகுடல் அறுவை பற்றிய மருத்துவ நூலையும் எழுதினார்.

இவர் தேர்ந்த நீர்வண்ண ஓவியர். இமயமலை, திபெத்து, இங்கிலாந்தின் ஏரிப் பகுதி ஆகியவற்றைப் பல ஓவியங்களாக வரைந்துள்ளார். எவரெஸ்ட் பயணங்களின்போது திபெத்திய நாட்டுப்புற இசையைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

தனிவாழ்க்கை

சாமர்வெல் 1925 இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்கள். 1961 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய சாமர்வெல், 1962 முதல் 1965 வரை இலண்டன் ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்தார். 1975 சனவரி 23 அன்று ஆம்பிள்சைடு என்னும் ஊரில் தமது 84 ஆம் அகவையில் காலமானார்.

இந்தியாவில் ஆற்றிய பணிக்காக 1930களின் இறுதியில் கெய்சர்-இ-இந்து பதக்கத்தையும், 1953 இல் பிரித்தானியப் பேரரசின் அலுவலர் என்ற விருதையும் பெற்றார்.

மதிப்பீடு

சாமர்வெல்லின் சில முடிவுகள் காலத்தால் திருத்தப்பட்டுள்ளன. சிறுகுடற்புண்ணுக்கு எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி முதன்மைக் காரணம் என்பதை 1982 இல் ஆத்திரேலியாவின் பாரி மார்சல், இராபின் வாரன் ஆகியோர் கண்டறிந்தனர். இதற்காக அவர்களுக்கு 2005 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று பெரும்பாலான நோயாளிகள் சில வார மருந்துகளால் குணமடைகின்றனர். அறுவை அரிதாகவே தேவைப்படுகிறது. எனினும், அன்று கையிலிருந்த அறிவையும் வசதிகளையும் கொண்டு பார்க்கும்போது, சாமர்வெல் தேர்ந்த வழி ஏழை நோயாளிக்கு மிகுந்த பயனை மிகக் குறைந்த இழப்பில் தந்தது என்பதை மறுக்க இயலாது.

மிஷனரி மருத்துவப் பணி சமயப் பரப்பலோடு இணைந்தே நடைபெற்றது என்பது அதன்மீது வைக்கப்படும் பொதுவான விமர்சனம் ஆகும். நெய்யூரிலும் வழிபாடும் சமயப் போதனையும் இருந்தன. அதே வேளையில் எல்லாச் சமயத்தவருக்கும் எல்லாச் சாதியினருக்கும் அங்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

இதய நோய்த் தடுப்போடு ஒப்பீடு

சாமர்வெல் காலத்தில் சிறுகுடற்புண்ணும் வாய்ப்புற்றுநோயும் எழுப்பிய கேள்விகளை இன்று இதய நோய்கள் எழுப்புகின்றன. இந்தியாவில் இறப்புக்கான காரணங்களுள் இதய மற்றும் இரத்தக்குழாய் நோய்கள் முதலிடம் வகிக்கின்றன. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உணவுமுறை ஆகியன இவற்றின் முதன்மைக் காரணிகள். அவற்றுள் புகையிலை, நெய்யூர் மருத்துவர்கள் 1930களிலேயே சுட்டிய அதே பொருள்தான்.

தமிழ்நாட்டில் 2009 இல் தொடங்கப்பட்ட கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதன்பின் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இதய அறுவை உள்ளிட்ட பெருஞ்செலவுச் சிகிச்சைகளை ஏழைகளுக்கு எட்டச் செய்தன. 2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. முதலாவது, வரிசையில் நிற்பவரைக் காக்கிறது. இரண்டாவது, வரிசையில் சேராமல் காக்க முயல்கிறது. மருத்துவர் நோயாளியிடம் செல்ல வேண்டும் என்ற கிளை மருத்துவமனைக் கொள்கையை இரண்டாவது திட்டத்தில் காணலாம்.

இவ்விரண்டுக்கும் இடையே பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது எளிய கணக்கு அன்று. விலை மலிந்த இரத்த அழுத்த மாத்திரைக்குச் செலவிடும் தொகை, அதே அளவு பணத்தை அறுவைக்குச் செலவிடுவதைவிடக் கூடுதல் உயிர்களைக் காக்கும் என்பது பொது நலவாழ்வுத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் மாரடைப்போடு வந்த ஒருவரிடம் அக்கணக்கைக் கூறி அவரைத் திருப்பியனுப்ப எந்தச் சமூகமும் விரும்புவதில்லை. ஆங்கிலேய மருத்துவ அறிஞர் செஃப்ரி ரோசு 1985 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நோயுற்ற தனிமனிதரைப் பற்றிய கேள்வியும் நோயுற்ற மக்கள் தொகுதியைப் பற்றிய கேள்வியும் வேறுவேறானவை என்று விளக்கினார். பலருக்குச் சிறிதளவு குறையும் இடர், மொத்தத்தில் பெரும் பயனைத் தந்தாலும் ஒவ்வொருவருக்கும் அதன் பயன் கண்ணுக்குத் தெரியாது என்பதும் அவர் காட்டிய உண்மை.

செலவுக் கணக்கோடு நேர்மையும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். தடுப்புத் திட்டங்கள் எளிதில் சென்றடைபவர்களுக்கே முதலில் சென்றால், மொத்த எண்ணிக்கை உயர்ந்தாலும் மலையோரச் சிற்றூர்களிலும் கடற்கரை ஊர்களிலும் வாழும் ஏழைகள் பின்தங்குவர். அவர்களை எட்டுவதற்கு ஆளுக்கு ஆகும் செலவு கூடுதலாகும். அந்தக் கூடுதல் செலவை ஏற்பதா என்பதே முன்னுரிமைக் கேள்வியின் மையம். தொழுநோயாளிகளின் இல்லத்துக்குப் பணம் ஒதுக்கிய நெய்யூர் மருத்துவப் பணி, அக்கேள்விக்கு ஏற்கலாம் என்றே விடையளித்தது.

நினைவு

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் தென்னிந்தியத் திருச்சபை நடத்தும் மருத்துவக் கல்லூரிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. நெய்யூர் மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் கீழ்த் தொடர்ந்து இயங்கி வருகிறது. அங்குப் புற்றுநோய்ச் சிகிச்சை மையமும் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெயமோகனின் அறம் தொகுப்பில் இடம்பெற்ற ஓலைச்சிலுவை என்னும் சிறுகதையில் சாமர்வெல் ஒரு முதன்மைப் பாத்திரமாக வருகிறார்.